கண்ணாடி நியூரான்களைப் பிள்ளைகளுக்கு விளக்குவது எப்படி

பெங்களூரு அல்சூரில், எங்கள் வீட்டு மாடியில், ஞாயிறு காலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழில் அறிவியல் சொல்லித் தருகிறேன். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், வீட்டுக்குள் தமிழ் என்று வளரும் பிள்ளைகள். ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படிப்பவர்கள். மூளையைப் பற்றிய பாடத்தை எடுத்தால் இரண்டாவது வாரத்திற்குள் யாராவது ஒருவர் கண்ணாடி நியூரான் என்ற மூளைச் செல்லின் பெயரோடு வந்துவிடுவார். ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் வருவது, படத்தில் யாரோ அழுதால் நமக்குக் கண் கலங்குவது, அம்மா முகம் வாடினால் குழந்தையின் முகமும் வாடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரே செல்தான் காரணம் என்று கைப்பேசியில் பார்த்த காணொளி அவர்களுக்குச் சொல்லியிருக்கும். அந்தக் கேள்வியை எங்கிருந்து எடுப்பது, எந்த வரிசையில் விளக்குவது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதை, சில ஆண்டுகளாகச் சொல்லிப் பார்த்துத் திருத்திக்கொண்ட முறையில் இங்கே எழுதுகிறேன். வகுப்பெடுப்பவர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச விரும்பும் பெற்றோருக்கும் இது உதவும்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் அரைமணி நேரத்துக்குக் கண்ணாடி என்ற சொல்லை நீங்களாக எடுக்காதீர்கள். அதைக் கேட்டதும், எதிரே நிற்பவரின் உருவம் மூளைக்குள் படமாக விழுகிறது என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் எழும். ஒரு முறை பதிந்துவிட்டால் அதை அழிப்பது கடினம். இந்தச் செல்கள் அடிப்படையில் கையையும் வாயையும் இயக்குவதற்கானவை. இயக்கத்துக்கென்றே இருக்கும் ஒரு செல், பிறர் அதே செயலைச் செய்யக் கண்டாலும் விழித்துக்கொள்கிறது என்பதில்தான் வியப்பு இருக்கிறது. ஆகவே பாடத்தைக் கையிலிருந்து தொடங்க வேண்டும்.

பூக்கட்டும் கை

நான் எடுத்துக்கொள்வது பூக்கட்டுதல். சந்தையில் கொஞ்சம் உதிரி மல்லிகையும் வாழைநாரும் வாங்கி, நாரைத் தண்ணீரில் நனைத்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கட்டத் தெரிந்த ஒருவரை அழையுங்கள்; வீட்டுப் பாட்டியாகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருக்கலாம். சோமேசுவரர் கோயில் பக்கம் பூ விற்கும் ஓர் அம்மா ஒரு நாள் எங்கள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்தார். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ என்று காம்போடு காம்பு சேர்த்து இடக்கையில் பிடித்துக்கொள்வார். வலக்கை நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரல் நுனியில் ஒரு சுருக்கை வளைத்து, அதைக் காம்புகளின் மேல் இறக்கி இழுக்கும். ஒரு கண்ணி விழுந்துவிடும். பிள்ளைகளிடம் ஊர் விசாரித்துக்கொண்டே, கையைப் பார்க்காமலே, ஒரு முழம் கட்டிவிட்டார்.

அவர் கட்டும்போது பிள்ளைகள் எதுவும் பேசாமல் அவருடைய விரல்களை மட்டும் பார்க்க வேண்டும். முடிந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். கட்டத் தெரியாத ஒரு பையன் என்னிடம், "விரல் ஓடுது மிஸ், நடுவுல என்ன நடக்குதுன்னே தெரியல" என்றான். ஏழு வயதிலிருந்து பாட்டியோடு உட்கார்ந்து கட்டிப் பழகிய ஒரு சிறுமி, "சுருக்கை நடுவிரல்ல போடுறாங்க மிஸ், எங்க பாட்டி ஆள்காட்டி விரல்ல போடுவாங்க" என்றாள். இருவரும் ஒரே பாயில் அடுத்தடுத்து உட்கார்ந்து ஒரே கையைத்தான் பார்த்தார்கள். அதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும்: அந்த அம்மா ஒவ்வொரு முறை சுருக்கை இழுத்தபோதும், மடியில் கிடந்த அந்தச் சிறுமியின் வலக்கைக் கட்டைவிரல் இலேசாக ஆள்காட்டி விரலை நோக்கி அசைந்தது. அவளுக்கே அது தெரியவில்லை. வகுப்பில் யாருக்காவது இப்படி விரல் அசைந்தால் உடனே சொல்லிவிடாதீர்கள், அசைவு நின்றுவிடும். கட்டி முடிந்த பிறகு சொல்லுங்கள்.

இது சான்றாகாது என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். விரல் அசைந்ததால் உள்ளே எந்தச் செல் துடித்தது என்று யாராலும் கூற முடியாது. ஆனால் தன் கை செய்து பழகியதைத்தான் தன் கண் பிரித்தறிகிறது என்ற அனுபவம் இப்போது பிள்ளைகளுக்குக் கிடைத்துவிட்டது. இனி வரும் ஒவ்வொரு ஆய்வையும் அவர்கள் அந்தப் பூச்சரத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள்.

நியூரான் என்றால் என்ன என்பதற்கு ஐந்து நிமிடம் போதும். ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். பிற நியூரான்களிடமிருந்து போதுமான தூண்டுதல் வந்தால் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் மின்துடிப்பு எழும். முடியை விட மெல்லிய மின்முனையை அந்தச் செல்லின் அருகே நிறுத்தி, அதை ஒலிபெருக்கியோடு இணைத்தால், ஒவ்வொரு துடிப்பும் சுடுமணலில் பொரி வெடிப்பது போல டப் டப் என்று கேட்கும். இந்தச் சத்தத்தைப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், அடுத்த கதை தானாகப் புரியும்.

பார்மாவில் கேட்ட சத்தம்

இத்தாலியின் பார்மா பல்கலைக்கழகத்தில் ஜாக்கோமோ ரிட்சொலாட்டியின் குழு, மக்காக் இனக் குரங்குகளின் மூளையில், கை ஒரு பொருளைப் பற்றும்போது எந்தெந்த நியூரான்கள் துடிக்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. மக்காக் என்றதும் வெளிநாட்டு விலங்கு என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பெங்களூருவில் மாடியில் காயும் வற்றலைத் தூக்கிக்கொண்டு ஓடும் நாட்டுக்குரங்கும் அதே மக்காக் பேரினம்தான். அவர்கள் ஆராய்ந்த இடத்துக்கு எஃப் 5 என்று பெயர். நெற்றி மடலில், அசைவுகளைத் திட்டமிடும் பகுதியின் கீழ்ப்புறத்தில் அது இருக்கிறது. குரங்கு உணவை எடுத்தால் செல் துடிக்க வேண்டும், அது எதிர்பார்த்ததே. ஆனால் ஆய்வாளர் தம் கையால் உணவை எடுத்தபோது, கையைக்கூட அசைக்காமல் பார்த்துக்கொண்டிருந்த குரங்கின் அதே செல்லும் துடித்தது. இந்தக் கண்டறிதல் 1992இல் வெளிவந்தது. 1996இல் வந்த விரிவான ஆய்வில், இரண்டு குரங்குகளின் எஃப் 5 பகுதியில் பதிவு செய்யப்பட்ட 532 நியூரான்களில் 92 மட்டுமே இப்படி இரு வேளையிலும் துடித்தன.

அந்த இரண்டு எண்களையும் பலகையில் பெரிதாக எழுதுங்கள். அந்தப் பகுதியிலேயே ஏறத்தாழ ஆறில் ஒன்றுதான் இந்த வகை. மற்றவை செயலின்போது மட்டும் துடிப்பவை; சில, எடுக்கத்தக்க பொருளைக் கண்டதுமே துடிப்பவை. மூளை முழுதும் கண்ணாடியாக இருக்கிறது என்ற பேச்சை இந்த ஓர் எண்ணே நிறுத்திவிடும். அந்த 92இலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், பார்க்கும் செயலும் செய்யும் செயலும் ஒன்றேயாக இருந்தால் மட்டும் துடித்தவை. எஞ்சியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டும் ஓரளவு ஒத்திருந்தாலே போதும். எதிரே பொருள் எதுவும் இல்லாமல் வெறுங்கையால் எடுப்பதுபோல் பாவனை செய்தால் அவை பொதுவாக அசைந்துகொடுக்கவில்லை.

அடுத்து வரும் மூன்று ஆய்வுகளை நான் எப்போதும் செய்து காட்டியே சொல்வேன், ஏனென்றால் கண்ணாடி நியூரான் எதற்கு விடையளிக்கிறது என்பது இவற்றில்தான் தெளிவாகும்.

ஒரு டம்ளரை மேசைமீது வைத்து, அதன் முன் அட்டையை மறைப்பாக நிறுத்துங்கள். உங்கள் கை அட்டைக்குப் பின்னால் போகட்டும். என்ன செய்கிறேன் என்று கேட்டால், டம்ளரை எடுக்கிறீர்கள் என்பார்கள். பிறகு டம்ளரை எல்லோரும் பார்க்க எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அதே போல் கையை நீட்டுங்கள். இப்போது அந்த விடை வராது. கை போன விதம் ஒன்றே. 2001இல் வந்த ஆய்வில் குரங்கின் நியூரான்களும் இப்படியே நடந்துகொண்டன: பற்றும் கடைசிக் கட்டம் மறைக்கப்பட்டிருந்தும், பின்னால் உணவு இருப்பதைக் குரங்கு முன்பே கண்டிருந்தால், சோதித்த கண்ணாடி நியூரான்களில் ஏறத்தாழ பாதி துடித்தன, பின்னால் ஒன்றும் இல்லை என்று தெரிந்திருந்தால் துடிக்கவில்லை.

இரண்டாவதற்கு வேர்க்கடலை வேண்டும். பசவனகுடியில் கன்னடக் கார்த்திகை மாதத்துக் கடைசித் திங்களை ஒட்டி நடக்கும் கடலைக்காய்ப் பரிஷெ என்னும் வேர்க்கடலைத் திருவிழாவின்போது இந்தப் பாடம் வந்தால் இன்னும் நல்லது, எல்லார் வீட்டிலும் கடலை இருக்கும். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கடலையை உடையுங்கள். பிறகு ஒரு தாளைக் கிழியுங்கள். இரண்டையும் அவர்கள் காதாலேயே கண்டுபிடிப்பார்கள். 2002இல் பார்மா குழு வெளியிட்ட ஆய்வில், குரங்கு தானே கடலையை உடைத்தாலும், பிறர் உடைக்கக் கண்டாலும், உடையும் சத்தத்தை மட்டும் கேட்டாலும் துடிக்கும் நியூரான்கள் இருந்தன. தாள் கிழியும் சத்தத்துக்கும் அவ்வாறே இருந்தன. கண்ணுக்கு மட்டும் உரியதாக இருந்தால் சத்தத்துக்கு எதற்குத் துடிக்க வேண்டும் என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்கும்வரை காத்திருங்கள். கேட்பார்கள்.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றை அதே போல் எடுத்து, தோளருகே பிடித்திருக்கும் கிண்ணத்தில் போடுங்கள். எடுக்கும் அசைவு இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும், முடிவு வேறு. 2005இல், உச்சியை ஒட்டிய பக்க மடலின் கீழ்ப்பகுதியில் பதிவு செய்தபோது, பல நியூரான்கள் உண்பதற்காக எடுத்தால் மிகுதியாகவும், கிண்ணத்தில் இடுவதற்காக எடுத்தால் குறைவாகவும் துடித்தன. வேறு சில அதற்கு மாறாக நடந்தன. குரங்கு செய்தபோதும் பார்த்தபோதும் இந்த வேறுபாடு இருந்தது. எடுக்கும் கணத்திலேயே, அந்தச் செயல் எந்தத் தொடரில் வருகிறது என்பதும் கணக்கில் வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் பாதையைப் பலகையில் வரைந்துவிடலாம். காதை ஒட்டிய பொட்டு மடலின் மேற்பள்ளத்தில், உடலசைவுகளைக் கண்டால் துடிக்கும் செல்கள் உள்ளன. அவை காட்சிக்கானவை, தானே செய்யும்போது துடிப்பது அவற்றின் வேலை அன்று; ஆகவே அவற்றைக் கண்ணாடி நியூரான் என்று சொல்வதில்லை. அங்கிருந்து செய்தி பக்க மடலின் கீழ்ப்பகுதிக்கும், அங்கிருந்து நெற்றி மடலின் எஃப் 5க்கும் போகிறது. கடைசி இரண்டு இடங்களில்தான் பார்ப்பதும் செய்வதும் ஒரே செல்லில் சந்திக்கின்றன. மனிதரில் எஃப் 5க்கு நிகராகக் கருதப்படுவது, பேச்சோடு தொடர்புடைய புரோக்கா பகுதியின் பின்பாகமும் அதை ஒட்டிய முன்னியக்கப் புறணியும்.

"அப்படின்னா பார்க்கும்போதெல்லாம் ஏன் நம்ம கை தானா எழுந்து செய்யல?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். நல்ல கேள்வி, அவசரப்படாமல் பதில் சொல்லுங்கள். எஃப் 5இலிருந்து தண்டுவடத்துக்கு நேரடியாகக் கட்டளை அனுப்பும் நியூரான்களை 2009இல் லண்டனில் ஆராய்ந்தார்கள். அவற்றில் சில, குரங்கு தானே பற்றும்போது துடித்தன, பிறர் பற்றுவதைப் பார்க்கும்போது வழக்கத்தைவிடவும் அடங்கின. துடிப்பு கூடும் செல்களோடு துடிப்பு அடங்கும் செல்களும் இருப்பதால், பார்த்ததெல்லாம் செயலாகிவிடாமல் தடுக்கப்படுகிறது என்று கொள்ளலாம். நெற்றி மடலில் சேதம் ஏற்பட்ட சிலர், எதிரே இருப்பவர் செய்வதைத் தங்களை அறியாமல் அப்படியே திருப்பிச் செய்வது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் ஒன்று.

மனிதரிடம் எப்படி அறிந்தார்கள்

இங்கே சற்று நிதானம் தேவை. நலமாக இருக்கும் மனிதரின் மூளையில் மின்முனையைச் செருகிப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. ஆகவே மனிதரைப் பற்றிய சான்றுகளில் பெரும்பகுதி மறைமுகமானது. 1995இல் பார்மா குழு, தலைக்கு மேல் காந்தச் சுருளை வைத்து மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டி, கைத் தசைகளில் எழும் மின் அலையை அளந்தது. பிறர் ஒரு பொருளைப் பற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் தசையில் அந்த அலை பெரிதாக இருந்தது; அதுவும் அந்தச் செயலுக்குத் தேவையான தசைகளிலேயே. மடியில் கிடந்த கட்டைவிரலை இப்போது நினைவூட்டுங்கள்.

மூளையின் எந்தப் பகுதி செயல்படுகிறது என்பதைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படங்களைக் காட்டினால், ஒளிரும் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் பல்லாயிரக்கணக்கான நியூரான்கள் அடங்கியிருக்கின்றன என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பார்ப்பதற்கும் செய்வதற்கும் ஒரே கட்டம் ஒளிர்ந்தால், இரண்டும் ஒரே செல்லின் வேலை என்று ஆகிவிடாது. அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கும் இருவேறு செல்களாகவும் இருக்கலாம். தனிச் செல்லையே கேட்ட அரிய ஆய்வு 2010இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் வெளிவந்தது. வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைக்கு முன் மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த 21 நோயாளிகளின் ஒப்புதலோடு 1,177 செல்களைப் பதிவு செய்தார்கள். கையால் பற்றுதல், முகபாவம் ஆகியவற்றைச் செய்தாலும் கண்டாலும் துடிக்கும் செல்கள் அவற்றில் இருந்தன. ஆனால் மின்முனைகள் நோயின் தேவைப்படி வைக்கப்பட்டவை; ஆகவே அந்தச் செல்கள் இருந்தது, புரோக்கா பகுதியில் அன்றி, மூளையின் நடுக்கோட்டை ஒட்டிய இயக்கப் பகுதியிலும் பொட்டு மடலின் உட்புறத்திலும்.

பரதம் கற்கும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் 2005இல் லண்டனில் நடந்த ஆய்வைக் கட்டாயம் சொல்லுங்கள். பாலே ஆடுபவர்களுக்கும், பிரேசிலின் கபோயேரா ஆடுபவர்களுக்கும், எதுவும் ஆடாதவர்களுக்கும் இரு வகை ஆட்டத்தின் காணொளிகளையும் காட்டினார்கள். ஆடுபவர்கள் தங்களுடைய ஆட்டத்தைக் கண்டபோது அவர்களின் இயக்கப் பகுதிகள் மிகுதியாகச் செயல்பட்டன; ஆடாதவர்களிடம் இந்த வேறுபாடு இல்லை. அடிக்கடி பார்த்துப் பழகியதுதான் காரணமோ என்ற ஐயம் எழும் அல்லவா? அதற்காக அடுத்த ஆண்டு ஒரு நுட்பமான சோதனை செய்தார்கள். பாலேயில் சில அசைவுகளை ஆண்கள் மட்டும் செய்வர், சிலவற்றைப் பெண்கள் மட்டும் செய்வர். ஆனால் ஒன்றாகப் பயில்வதால் இருவரும் இரண்டையும் நாள்தோறும் பார்ப்பர். அப்படிச் சமமாகக் கண்டிருந்தும், தாம் செய்து பழகிய அசைவுகளுக்கே அந்தப் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. அரைமண்டியில் நின்று அடவு செய்து பழகிய காலும், கூடத்தின் ஓரத்தில் அமர்ந்து பார்த்த கண்ணும் ஒன்றாகா என்று எங்கள் வகுப்பில் நடனம் கற்கும் பெண்கள் இதைக் கேட்டதும் புரிந்துகொண்டார்கள்.

எங்கிருந்து வந்தன

இந்தச் செல்கள் பிறவியிலேயே இப்படி அமைந்தவையா, பழக்கத்தால் இப்படி ஆனவையா? அறிஞர்கள் இன்னும் வாதிடும் கேள்வி இது. பிறர் செயலைப் புரிந்துகொள்வது குரங்குக் கூட்டத்தில் வாழ்வதற்கு உதவியதால், பரிணாமம் இதை ஒரு சிறப்புத் திறனாகவே தேர்ந்தெடுத்தது என்பது ஒரு பக்கம். பிரிட்டனின் சிசிலியா ஹேய்ஸ் முன்வைக்கும் விளக்கம் வேறு. குழந்தை தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு ஒரு பொருளைப் பற்றுகிறது. பற்றும் கட்டளையும் பற்றும் காட்சியும் ஆயிரம் முறை சேர்ந்தே வருகின்றன. சேர்ந்து துடிப்பவை சேர்ந்தே இணைவதால், கட்டளை தரும் செல்லுக்குக் காட்சியும் பழகிவிடுகிறது. தன் முகத்தைத் தான் பார்க்க முடியாதே என்றால், குழந்தை சிரிக்கும்போது அம்மாவும் திருப்பிச் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பிலிருந்து கற்றுக்கொள்கிறது.

இதைச் சோதிக்க வழி உண்டா என்று கேளுங்கள். பிறகு ஒரு விளையாட்டு வையுங்கள். இருவர் எதிரெதிரே உட்காரட்டும். ஒருவர் ஆள்காட்டி விரலை அசைத்தால் மற்றவர் சுண்டுவிரலை அசைக்க வேண்டும். சுண்டுவிரலை அசைத்தால் ஆள்காட்டி விரலை. முதலில் தவறிக்கொண்டே இருக்கும், மாடி முழுதும் சிரிப்பாக இருக்கும். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். 2007இல் காரலைன் காட்மரும் ஹேய்ஸும் இதையே ஆய்வாகச் செய்தார்கள். பயிற்சிக்கு முன், காந்தச் சுருளால் தூண்டியபோது, ஆள்காட்டி விரல் அசைவதைக் கண்டால் ஆள்காட்டி விரலுக்கான தசையில் அலை பெரிதாக எழுந்தது. மாற்றி அசைக்கப் பழகிய பிறகு அந்த வேறுபாடு தலைகீழானது; சுண்டுவிரல் அசைவதைக் கண்டால் ஆள்காட்டி விரலின் தசை கூடுதலாக விடையளித்தது. ஒரு கண்ணாடி இப்படி மாற்றிக் காட்டுமா?

பிறந்த சில வாரக் குழந்தை, பெரியவர் நாக்கை நீட்டினால் தானும் நீட்டும் என்று 1977இல் மெல்ட்ஸாஃபும் மூரும் வெளியிட்ட ஆய்வு, பிறவித் திறன் என்ற பக்கத்துக்கு நெடுநாள் தூணாக இருந்தது. 2016இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளை முதல் சில வாரங்களில் பலமுறை சோதித்தபோது அத்தகைய பாவனைக்குச் சான்று கிடைக்கவில்லை. வாதம் அதோடு முடியவில்லை. என் கணிப்பில், இணைப்புக்கு வேண்டிய அடித்தளம் பிறவியில் வருகிறது, எது எதனோடு இணையும் என்பதைக் கை பழகும் பழக்கம் தீர்மானிக்கிறது. விரல் விளையாட்டின் முடிவைப் பார்த்த பிறகு எனக்கு வேறு விதமாக எண்ணத் தோன்றவில்லை. இதை என் கருத்து என்று சொல்லியே பிள்ளைகளிடம் வைப்பேன். குரங்கோடு இது நிற்பதில்லை என்பதற்கு, அமெரிக்காவின் சதுப்புநிலக் குருவி ஒன்றில் தன் பாட்டைப் பாடும்போதும் அதேபோன்ற பாட்டைக் கேட்கும்போதும் ஒரே நியூரான் துடிப்பதாக 2008இல் வந்த ஆய்வு ஒன்று போதும்.

எங்கே நிறுத்த வேண்டும்

இனி அந்தக் காணொளிக் கேள்விகளுக்கு வரலாம். குரங்கில் தனிச் செல்லாகப் பதிவானவற்றில் பெரும்பாலானவை கை, வாய்ச் செயல்களுக்கானவை. கொட்டாவி தொற்றுவதற்கு அவைதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. இரக்கத்தைப் பற்றிக் கேட்டால், 2019இல் ஆம்ஸ்டர்டாமில் எலிகளில் நடந்த ஆய்வைச் சொல்லலாம்: தன் வலிக்கும் பக்கத்து எலியின் வலிக்கும் துடிக்கும் செல்கள் மூளையின் நடுப்புறத்தில் இருந்தன, அந்தப் பகுதியை மந்தமாக்கினால் மற்ற எலியின் துன்பத்துக்கு அஞ்சி உறைவது குறைந்தது. ஆனால் அது கடலை உடைக்கும் செல்களின் இடம் அன்று; பிறர் வலியைத் தன் வலியாக உணர்வதிலிருந்து, எழுந்து போய் உதவுவது இன்னும் தொலைவில் இருக்கிறது.

நாம் செய்ய முடியாத செயலும் நமக்குப் புரிகிறது என்பதை மறக்கக்கூடாது. நாய் குரைப்பதை நாம் நன்றாகவே புரிந்துகொள்கிறோம். 2004இல் மனிதர், குரங்கு, நாய் ஆகியவற்றின் வாயசைவுகளை ஒலியின்றிக் காட்டியபோது, நாய் கடித்துத் தின்பது பார்ப்பவரின் இயக்கப் பகுதிகளை எழுப்பியது, நாய் குரைப்பது எழுப்பவில்லை. அமெரிக்க அறிஞர் கிரெக் ஹிக்காக் போன்றோர், புரிதலுக்கு இந்தச் செல்களே அடிப்படை என்ற கருத்தை இத்தகைய காரணங்களால் மறுக்கிறார்கள். அவர்கள் பக்கத்தையும் வகுப்பில் வைக்க வேண்டும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரனின் பெயர் நம் வீடுகளில் பெருமையோடு சொல்லப்படுவது. உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நியூரான்கள் செய்யும் என்று 2000இல் அவர் எழுதினார். இந்தச் சொல் உலகெங்கும் பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கையை இழந்தவர்கள் அந்த இல்லாத கையில் உணரும் மாய வலிக்கு அவர் அமைத்த கண்ணாடிப் பெட்டியைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பெட்டியில் இருப்பது உண்மையான கண்ணாடி, அது வேறு பாடம்.

ஆட்டிசம் பற்றிக் கேள்வி வந்தால் மிகுந்த கவனத்தோடு பேசுங்கள். கண்ணாடி நியூரான்கள் உடைந்திருப்பதுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்ற கருத்து ஒரு காலத்தில் பரவலாக இருந்தது; பிறகு வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்ததால், இன்று அந்த எளிய விளக்கத்துக்கு ஆதரவு குறைந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகனின் கண்ணாடி நியூரான்களைச் சரிசெய்கிறோம் என்று சொன்ன ஓர் இடத்தில் எட்டு மாதம் பணம் கட்டினார். அவர் அந்த ரசீதுகளை என் முன் பரப்பி, இதில் ஏதாவது உண்மையா என்று கேட்ட அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. அப்படி ஒரு செல்லைத் தேடிச் சரிசெய்யும் முறை எதுவும் இல்லை என்பதை உங்கள் வகுப்பிலும் தெளிவாகச் சொல்லுங்கள், யார் வீட்டில் அது தேவைப்படும் என்று நமக்குத் தெரியாது.

இந்தத் துறையில் நம் ஊரிலேயே வேலை நடக்கிறது என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும். காந்தத் தூண்டல் முறையைக் கொண்டு, மனச்சிதைவு நோய் உடையவர்களிடம் இந்த அமைப்பின் செயல்பாடு குறைந்திருப்பதையும், பிறர் மனத்தை ஊகிப்பதில் அவர்களுக்குள்ள சிரமத்தோடு அது தொடர்புற்றிருப்பதையும் பெங்களூருவின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டார்கள். அதே நிம்ஹான்ஸில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, இந்தப் பாடம் முடிந்த வாரத்தில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். உண்மையான மனித மூளையைக் கையுறை அணிந்து தொட்டுப் பார்க்கலாம்.

போகும் முன் எந்த இடத்தைத் தேட வேண்டும் என்று தாளில் வரைந்து பழக்கிவிடுங்கள்: உச்சியிலிருந்து பக்கவாட்டில் இறங்கும் நடுப்பள்ளம், அதற்கு முன்னால் கீழே நெற்றி மடலின் இடம், பின்னால் பக்க மடலின் கீழ்ப்பகுதி. எங்கள் பிள்ளைகள் சென்ற அன்று, பூக்கட்டத் தெரிந்த அந்தச் சிறுமி முதலில் நடுப்பள்ளத்தைத் தடவிக் கண்டுபிடித்தாள். பிறகு ஒரு விரலை முன்னிடத்திலும் ஒரு விரலைப் பின்னிடத்திலும் வைத்து, இரண்டுக்கும் நடுவே மறுகை விரல்களை அடுக்கி, சரம் அளப்பது போல அளந்தாள். "மூணு விரற்கடை மிஸ்" என்றாள்.